வீடு கட்டி முடித்த பிறகு காயும் பழைய பைன் மரங்கள்: காரணம் என்ன? காப்பாற்றுவது எப்படி?

மனை வாங்கும்போதே அந்த மரத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் வாங்கியிருப்பார்கள். 100 வயதைத் தாண்டிய பைன் மரம். வீடு கட்டும்போது மரத்தின் மேல் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டி முடித்து 3 வருடம் கழித்து, மழை சரியாகப் பெய்யாத ஒரு கோடையில், மரம் உச்சியிலிருந்து பழுப்பாக ஆரம்பிக்கும். "நாம ஒண்ணுமே பண்ணலையே, ஏன் காயுது?" என்று வீட்டுக்காரர்கள் குழம்பிப்போவார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலையடிவார ஊர்களில் இது பல குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. வறட்சி ஒரு பக்கம், கட்டுமானம் இன்னொரு பக்கம் என இரண்டும் சேரும்போது, எத்தனை பெரிய மரமாக இருந்தாலும் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஆனால் நேரத்தோடு சில விஷயங்களைச் செய்தால் காப்பாற்றிவிடலாம். எப்படி என்று பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவில் என்ன நடந்தது?

2012 முதல் 2016 வரை கலிஃபோர்னியா கடுமையான வறட்சியில் சிக்கியது. அங்கே மழையும் பனியும் குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டு மழை இருக்காது. மலையில் சேரும் பனி மெல்ல உருகித்தான் கோடைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி பனி அளவை எடுத்தபோது, வழக்கமான அளவில் வெறும் 5 சதவீதம்தான் இருந்தது. அன்றைய ஆளுநர் ஜெரி பிரவுன், பல அடி உயரத்துக்குப் பனி மூடியிருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்லின் மேல் நின்று, நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில், மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருப்பதற்காகவே தனியாக ஒரு அவசரநிலைப் பிரகடனமும் வந்தது.

அமெரிக்க வனத்துறை விமானத்தில் பறந்து எடுத்த கணக்குப்படி, 2010க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் செத்த மரங்களின் எண்ணிக்கை 2017 இறுதியில் 12.9 கோடியைத் தொட்டது. இதில் 2016ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி. அதிகமாக அடி வாங்கியது பாண்டெரோசா பைன். நன்றாக வளர்ந்தால் 50 மீட்டர் உயரத்தைத் தாண்டும், பல நூற்றாண்டுகள் வாழும் மரம் இது.

வறட்சி முடிந்ததோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3.6 கோடி மரங்கள் செத்ததாக அதே வனத்துறை அறிவித்தது.

காட்டு மரத்துக்கு மழை இல்லை என்ற ஒரு கஷ்டம். வீட்டருகே நிற்கும் மரத்துக்கு அதோடு சேர்த்து ஜேசிபி, காங்கிரீட், கழிவுநீர்க் குழாய், கார் நிறுத்தும் தளம் எல்லாம் உண்டு.

தண்ணீர் இல்லாவிட்டால் பைன் மரம் என்ன செய்யும்?

இலைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் மரம் காற்றை இழுத்து உணவு தயாரிக்கிறது. அதே துளைகள் வழியாகத்தான் தண்ணீரும் ஆவியாகப் போகிறது.

மண் காய ஆரம்பித்ததும் பைன் மரம் இந்தத் துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் உணவு தயாரிப்பும் நின்றுபோகும். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கையிருப்பை வைத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி. ஒரு சீசன் சமாளிக்கலாம். மூன்று நான்கு வருடம் தொடர்ந்தால் கையிருப்பு கரைந்துவிடும்.

கையிருப்பு குறையும்போது முதலில் அடிவாங்குவது பிசின். பைன் மரத்துக்குப் பிசின்தான் பாதுகாப்பு. பட்டையில் எங்காவது ஓட்டை விழுந்தால், உள்ளிருந்து பிசின் வேகமாக வெளியே வந்து அந்த ஓட்டையை அடைக்கும். அந்த வேகத்துக்கு மரத்துக்குள் தண்ணீரின் அழுத்தம் வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் பிசினும் வராது.

இந்த நேரத்துக்காகவே ஒரு எதிரி காத்திருக்கிறது.

அரிசி அளவு வண்டு, 50 மீட்டர் மரத்தைக் கொல்வது எப்படி?

மேற்கத்திய பைன் வண்டு என்று அதற்குப் பெயர். அளவு ஒரு அரிசி மணிதான். பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வளைந்து வளைந்து சுரங்கம் போட்டு முட்டையிடும்.

மரம் நல்ல தெம்போடு இருந்தால், வரும் வண்டைப் பிசினில் மூழ்கடித்து வெளியே தள்ளிவிடும். தெம்பில்லாத மரமென்றால் வண்டு உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த வண்டு ஒரு வாசனையை வெளியிடும். "இங்க வாங்க, இந்த மரம் எதிர்க்கல" என்று மற்ற வண்டுகளுக்குச் சொல்லும் சிக்னல் அது. சில நாட்களில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும்.

வண்டுகள் தங்களோடு ஒருவகைப் பூஞ்சையையும் கொண்டுவரும். அது கட்டைக்குள் பரவி, தண்ணீர் மேலே ஏறும் பாதையை அடைக்க உதவும். மேலே தண்ணீர் போகாது, கீழே உணவு வராது. மரத்தின் கதை அதோடு முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டு பெரும்பாலும் கடைசி அடியைத்தான் கொடுக்கிறது. மரத்தைப் பலவீனமாக்கியது அதற்கு முன்பே நடந்த வேறு ஏதோ ஒன்று. வீட்டு மரங்களில் அந்த 'வேறு ஏதோ ஒன்று' பல நேரம் வேரில் இருக்கிறது.

வேர் எங்கே இருக்கு?

மேலே எவ்வளவு உயரமோ, கீழேயும் அவ்வளவு ஆழம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகத்துப் படமும் அப்படித்தான் இருந்தது. உண்மை அப்படி இல்லை.

பெரிய மரங்களின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 60 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள், மேலே ஒரு அடி மண்ணில்தான் அதிகம். காரணம் எளிது. வேரும் மூச்சுவிட வேண்டும். காற்று கிடைப்பது மேல்மண்ணில்தான்.

ஆழத்துக்குப் பதிலாக வேர்கள் பக்கவாட்டில் ஓடும். கிளைகள் விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டி, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம்கூடப் போகும். ஒரு சாப்பாட்டுத் தட்டின் மேல் ஒயின் கிளாஸை நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும்? கிளாஸ்தான் மரம், தட்டுதான் வேர்.

அப்படியென்றால், மரத்திலிருந்து 5 மீட்டர் தள்ளித்தானே பள்ளம் தோண்டினோம் என்பது மரத்துக்கு ஆறுதல் இல்லை. தட்டின் மேலேயே தோண்டியிருக்கிறோம்.

கட்டுமானம் மரத்தை எப்படிக் காயப்படுத்துகிறது?

மரத்தில் கோடாலி படாமலே அதைக் கொல்ல வழிகள் உண்டு. முக்கியமானவை இவை:

* மண் இறுகிப்போவது: லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கினால் மண்ணில் இருக்கும் காற்று இடைவெளிகள் நசுங்கிவிடும். சேதத்தில் பெரும்பகுதி முதல் சில தடவை வண்டி ஏறும்போதே நடந்துவிடுகிறது. "ஒரே ஒரு நாள்தான் வண்டி நிறுத்தினோம்" என்பதற்கும் விலை உண்டு.

* பள்ளம் வெட்டுவது: தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், இணையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம். அடிமரத்துக்கு அருகில் ஒரு பக்கமாக நீளமாக வெட்டினால், அந்தப் பக்கத்து வேர்கள் கிட்டத்தட்ட மொத்தமாகப் போய்விடும். உறிஞ்சும் வேரோடு, மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேரும் போகும். காற்றடிக்கும்போது மரம் சாயும் ஆபத்து வருவது இதனால்தான்.

* மண்ணைக் கொட்டி உயர்த்துவது: மேடு சரிசெய்ய 15 சென்டிமீட்டர் மண் கொட்டினால்கூட, கீழே இருக்கும் வேர்களுக்குக் காற்று குறைந்துவிடும். அடிமரத்தைச் சுற்றி மண் மூடினால் பட்டை அழுகும்.

* மண்ணை வழித்தெடுப்பது: தரையைச் சமப்படுத்த மேல்மண்ணைச் சுரண்டினால், உறிஞ்சும் வேர்கள் அதோடு சேர்ந்து போய்விடும்.

* காங்கிரீட் கழுவிய தண்ணீர்: சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணின் தன்மையை மாற்றும். பைன் மரத்துக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மை உள்ள மண். மரத்தடியில் கலவை வண்டியைக் கழுவினால் அது கெட்டுவிடும்.

* தளம் போடுவது: காரை நிறுத்த, நடக்க என்று சுற்றிலும் மூடிவிட்டால் பெய்கிற கொஞ்ச மழையும் வேருக்குப் போகாது.

சரி, உடனே ஏன் தெரிவதில்லை?

பெரிய மரத்திடம் சேமிப்பு அதிகம். வேரில் பாதி போன பிறகும், சேமித்து வைத்த சக்தியை வைத்து அடுத்த ஒன்றிரண்டு வருடம் பச்சையாகவே நிற்கும். பாதிப்பு வெளியே தெரிய சில வருடங்கள் ஆகலாம். அதற்குள் கான்ட்ராக்டர் கணக்கு முடித்துப் போயிருப்பார். பள்ளம் மூடி, மேலே புல்லும் முளைத்திருக்கும். மரம் காய்வதற்கும் அந்தப் பள்ளத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

நடுவில் ஒரு வறட்சி வந்தால் இன்னும் வேகமாகும். முழு வேரோடு இருக்கும் மரம் தாங்கிக்கொள்ளும் வறட்சியை, பாதி வேரோடு நிற்கும் மரம் தாங்காது. பழி வறட்சி மேல் போகும், அல்லது வண்டு மேல் போகும்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தண்ணீரைச் சேமிக்கச் சொன்னதும், மக்கள் நல்லெண்ணத்தோடு புல்தரைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். அந்தப் புல்தரைத் தண்ணீரை நம்பியே பல வருடங்களாக வளர்ந்த பெரிய மரங்களும் சேர்ந்து வாட ஆரம்பித்தன. "புல் காஞ்சா காயட்டும், மரத்துக்குத் தண்ணி விடுங்க" என்று அரசே தனியாகப் பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. புல் சில வாரங்களில் திரும்ப வளரும். 100 வருட மரம் திரும்ப வர 100 வருடம் வேண்டும்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

முதலில், பயப்பட வேண்டாத ஒன்று. இலையுதிர் காலத்தில் கிளையின் உள்பக்கம் இருக்கும் பழைய ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. பைன் மரம் இலைகளைச் சில வருடம் வைத்திருந்து, பழையதை மட்டும் உதிர்க்கும். நுனியில் இருக்கும் புது இலைகள் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியவை:

* இந்த வருடம் வந்த ஊசியிலைகள் போன வருடத்தைவிடக் குட்டையாக இருப்பது
* தலைப்பகுதி மெலிந்து, கிளைகளின் நடுவே வானம் அதிகமாகத் தெரிவது
* உச்சியோ கிளை நுனிகளோ பழுப்பாவது
* பட்டையில் பாப்கார்ன் ஒட்டியது போலப் பிசின் கட்டிகள் தெரிவது
* பட்டை இடுக்குகளிலும் மரத்தடியிலும் செம்பழுப்பு நிறத்தில் மரத்தூள் கிடப்பது
* மரங்கொத்திகள் அடிக்கடி வந்து பட்டையைக் கொத்தி உரிப்பது

பிசின் கட்டியின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளையாக, தூள் இல்லாமல் இருந்தால் மரம் சண்டையில் ஜெயித்திருக்க வாய்ப்புண்டு. சிவப்பாக, மரத்தூள் கலந்து இருந்தால் வண்டு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

மொத்த மரமும் செம்பழுப்பாக மாறிவிட்டால்? அப்போது எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பலனில்லை. இலை நிறம் மாறுவதற்கு முன்பே மரம் செத்திருக்கும்.

'12 மடங்கு' கணக்கு: மரத்துக்கு எவ்வளவு இடம் விடணும்?

பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கட்டுமானத் தர விதிகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் கணக்கும் இதேதான்: அடிமரத்தின் விட்டத்தை 12ஆல் பெருக்க வேண்டும். மரத்திலிருந்து அத்தனை தூரம் வரை எல்லாப் பக்கமும் பாதுகாக்கப்பட்ட பகுதி.

விட்டத்தை எப்படி அளப்பது? தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில், டேப்பைச் சுற்றிச் சுற்றளவை எடுங்கள். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம்.

உதாரணம்: சுற்றளவு 188 சென்டிமீட்டர் என்றால் விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர். 60ஐ 12ஆல் பெருக்கினால் 720 சென்டிமீட்டர். மரத்தைச் சுற்றி 7.2 மீட்டர் தூரத்துக்கு யாரும் கைவைக்கக் கூடாது.

கணக்கு கஷ்டமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. சுற்றளவை 4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதே தூரம் வந்துவிடும்.

7.2 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 1,750 சதுர அடி. ஒரு 3 படுக்கையறை வீட்டின் அளவு! ஒரு பெரிய மரத்துக்கு உண்மையில் தேவைப்படும் இடம் அது. வயதான மரம், ஏற்கெனவே வாடிய மரம் என்றால் 18 மடங்கு வரை விடச் சொல்வதும் உண்டு.

கட்டுமானம் தொடங்கும் முன் என்ன செய்யணும்?

மரத்தைக் காப்பாற்றும் வேலை வரைபடம் போடும்போதே ஆரம்பிக்க வேண்டும். ஜேசிபி வந்த பிறகு ஆரம்பித்தால் தாமதம்.

* வரைபடத்தில் வீட்டோடு சேர்த்து மரத்தின் பாதுகாப்பு வட்டத்தையும் வரையச் சொல்லுங்கள். குழாய், மின்கம்பி எல்லாம் வட்டத்துக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள்.

* முதல் வண்டி வருவதற்கு முன்பே வட்டத்தைச் சுற்றி உறுதியான வேலி போடுங்கள். ரிப்பன் கட்டினால் இரண்டாம் நாள் இருக்காது. தகரமோ கம்பி வேலியோ வேண்டும்.

* வேலிக்குள் ஜல்லி, மணல், சிமெண்ட் மூட்டை எதையும் அடுக்கக் கூடாது. வண்டி நிறுத்தக் கூடாது. கலவை கழுவக் கூடாது.

* வண்டி போக வேறு வழியே இல்லையென்றால், மண்ணின் மேல் 15 முதல் 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு மரச்செதில் பரப்பி, அதன் மேல் கனமான பலகையோ இரும்புத் தகடோ போட்டுப் பாதை அமைக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

* குழாய் வட்டத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், பள்ளம் வெட்டாமல் வேருக்குக் கீழே துளைபோட்டுக் கொண்டுபோகலாம். அழுத்தக் காற்றால் மண்ணை மட்டும் ஊதி எடுத்து வேரைக் காப்பாற்றும் கருவிகளும் உண்டு. செலவு கூடும்தான். செத்த பெரிய மரத்தை வீட்டின் மேல் விழாமல் வெட்டி இறக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

* வேரை வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஜேசிபி வாளியால் பிய்க்க விடாதீர்கள். ரம்பத்தால் சுத்தமாக வெட்டி, ஈரச் சாக்கால் மூடி, சீக்கிரம் மண்ணைத் தள்ளிவிடுங்கள். பிய்ந்த வேர் அழுகும். சுத்தமாக வெட்டிய வேரிலிருந்து புது வேர் வர வாய்ப்பு அதிகம்.

வேலி எங்கே, எதற்கு என்பதைத் தினமும் வேலைக்கு வரும் ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார், லாரி டிரைவருக்கு அது தெரியாது.

தண்ணீர் எவ்வளவு, எங்கே, எப்போது?

மரம் வாடுகிறது என்றதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, ஹோஸை அடிமரத்தில் வைத்துத் திறந்துவிடுவது. இதில் இரண்டு தவறு. அடிமரத்தருகே உறிஞ்சும் வேர்கள் குறைவு. எப்போதும் ஈரமாக இருந்தால் அங்கே பட்டையும் வேர்க்கழுத்தும் அழுகும்.

எங்கே: அடிமரத்தை விட்டுத் தள்ளி, கிளைகளின் எல்லைக்குக் கீழேயும் அதற்கு வெளியேயும். கசியும் குழாயை வட்டமாகச் சுற்றிப் போட்டால் வேலை சுலபம்.

எப்படி: மெதுவாக. தண்ணீர் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரையோ கம்பியையோ மண்ணில் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கும் வரைக்கும் ஈரம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு: அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு அங்குல விட்டத்துக்கும் 10 காலன். நம் அளவில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 15 லிட்டர். 60 சென்டிமீட்டர் மரத்துக்கு ஒரு தடவைக்கு 900 லிட்டர். கேட்க அதிகமாகத் தெரியும். 9,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இது பத்தில் ஒரு பங்குதான்.

எப்போது: மழையில்லாத மாதங்களில் மாதம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் மேல்மண் மட்டும் நனையும், வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டு தடவைக்கு நடுவில் மண் கொஞ்சம் காய விட வேண்டும். களிமண்ணாக இருந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். எப்போதும் சேறாக இருந்தால் வேர் மூச்சுத்திணறும்.

குளிர்காலத்திலும் மழை ஏமாற்றினால் தண்ணீர் விட வேண்டும். பைன் வருடம் முழுக்க இலையோடு நிற்கும் மரம் என்பதை மறக்கக் கூடாது.

மூடாக்கு போடலாமா?

கண்டிப்பாகப் போடலாம். மரச்செதிலோ, உதிர்ந்த ஊசியிலையோ 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், மண் சூடாகாது, இறுகிய மண்ணும் மெல்ல மெல்லப் பொலபொலப்பாகும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

காட்டுத்தீ ஆபத்துள்ள ஊர்களில் ஒரு எச்சரிக்கை. வீட்டுச் சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் மரச்செதில், காய்ந்த இலை போன்ற எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

இதெல்லாம் செய்யாதீங்க!

* உரம் போடாதீர்கள்: நோயாளிக்குப் பிரியாணி கொடுப்பது மாதிரி அது. தழைச்சத்து போட்டால் மரம் புதுத் துளிர் விடப் பார்க்கும். அதற்கு இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும், வேரில் அதற்குச் சக்தி இருக்காது. மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும் போடலாம்.

* பச்சைக் கிளைகளை வெட்டாதீர்கள்: "பாரத்தைக் குறைக்கலாம்" என்று கிளைகளைக் கழித்தால், உணவு தயாரிக்கும் இடமும் சேர்ந்து போகிறது. புதிதாக வெட்டிய பைன் மரத்தின் வாசனை வண்டுகளையும் இழுக்கும். காய்ந்த கிளைகளை மட்டும், வண்டு நடமாட்டம் குறைந்த குளிர்காலத்தில் எடுக்கலாம்.

* வெட்டிய பச்சை விறகை மரத்தருகே அடுக்காதீர்கள்: அதில் வளரும் வண்டு அடுத்து ஏறப்போவது பக்கத்தில் நிற்கும் மரத்தில்தான்.

* வெட்டுக்காயத்தில் பெயின்ட், தார் பூசாதீர்கள்: அதனால் பலன் இல்லை.

* வண்டு ஏறிய பிறகு மருந்தை நம்பாதீர்கள்: பட்டையில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகள், வண்டு வருவதற்கு முன்பு தெளித்தால்தான் காக்கும். உள்ளே போன வண்டை அவை எட்டாது. "ஊசி போட்டுக் காப்பாத்திடுவோம்" என்று யாராவது பெரிய தொகை கேட்டால், முதலில் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

எப்போது மரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்?

மனசு கஷ்டப்படும் கேள்விதான். ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். செத்த பைன் மரம் சில வருடங்களிலேயே உளுத்து, கிளை கிளையாக ஒடிந்து விழும். கீழே வீடு, மின்கம்பி, குழந்தைகள் விளையாடும் இடம் இருந்தால் காத்திருக்க முடியாது.

இன்னொன்று தீ. 2020 செப்டம்பரில் தொடங்கிய 'கிரீக் ஃபயர்' காட்டுத்தீ சுமார் 3.8 லட்சம் ஏக்கரை எரித்தது. முந்தைய வறட்சியில் பைன் மரங்கள் பெருமளவில் செத்துக் கிடந்த அதே தெற்கு சியரா நெவாடா பகுதிதான் அது.

மரம் இன்னும் பச்சையாக இருந்து உள்ளே வண்டு புகுந்திருந்தால், அந்த ஒரு மரத்தைச் சீக்கிரம் அகற்றுவது பக்கத்து மரங்களைக் காப்பாற்றலாம். முழுதாகச் சிவந்து காய்ந்து, வண்டுகள் பறந்துபோன மரத்தை வெட்டுவதால் பக்கத்து மரங்களுக்குப் பலன் இல்லை. பாதுகாப்புக்காக மட்டும் வெட்ட வேண்டியிருக்கும்.

முடிவெடுப்பதற்கு முன் தகுதிச் சான்று பெற்ற மர வல்லுநரிடம் காட்டுங்கள். அமெரிக்காவில் சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் தேர்வு வைத்து இவர்களுக்குச் சான்று கொடுக்கிறது. மரம் வெட்டுவதை மட்டுமே தொழிலாக வைத்திருப்பவர், வெட்டத்தான் சொல்வார். தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கும் சான் ஹோசே, பாலோ ஆல்டோ போன்ற நகரங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த மரத்தை, சொந்த வீட்டில் இருந்தாலும், நகர நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் பல மரங்கள் நின்றால், எல்லாவற்றையும் காப்பாற்ற முயல்வதைவிட, சுற்றியிருக்கும் சின்ன மரங்களைக் குறைப்பது பெரிய மரத்துக்கு நல்லது. அதே தண்ணீருக்குப் போட்டி குறையும். கலிஃபோர்னியா காடுகளில் இவ்வளவு மரங்கள் செத்ததற்கு, பல ஆண்டுகளாகச் சிறு தீயைக்கூட அணைத்து அணைத்து மரங்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக வளர்ந்ததும் ஒரு காரணம்.

நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

தமிழ்நாட்டில் பைன் என்றால் கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். அங்கே நிற்பவை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வண்டுக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

ஆனால் வேர்க் கதை எல்லா மரத்துக்கும் ஒன்றுதான். தெருவில் நிற்கும் வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி மரங்களின் வேரும் மேல்மண்ணில்தான் இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்கு ஒரு பக்கம் பள்ளம், கேபிளுக்கு மறுபக்கம் பள்ளம், அடிமரம் வரை காங்கிரீட் என்று போனால், அடுத்த புயலில் மரம் வேரோடு சாய்வதில் ஆச்சரியம் இல்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லியில், மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குக் காங்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. 12 மடங்கு கணக்கோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. ஆனால் அந்த 1 மீட்டர்கூட விடாத தெருக்கள் நம் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

சுருக்கமாக: 5 விஷயங்கள்

1. அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரம் வரை மண்ணைத் தொடாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே வேலி போடுங்கள்.

2. மழையில்லாத மாதங்களில் மாதம் ஒன்றிரண்டு முறை, மெதுவாக, ஆழமாக, அடிமரத்தை விட்டுத் தள்ளித் தண்ணீர் விடுங்கள்.

3. மூடாக்கு போடுங்கள். உரம் வேண்டாம், பச்சைக் கிளை வெட்டு வேண்டாம்.

4. கட்டுமானம் முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் மரத்தைக் கவனியுங்கள். வருடம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துவைத்தால், மரம் மெலிகிறதா என்று சுலபமாகத் தெரியும்.

5. பிசின் கட்டி, மரத்தூள் தெரிந்தால் அன்றே வல்லுநரைக் கூப்பிடுங்கள். இலை சிவக்கும் வரை காத்திருந்தால், கூப்பிட வேண்டியது மரம் வெட்டுபவரைத்தான்.